பிள்ளை வீட்டு நாயும் நீங்களும்: வெளிநாடு போகும் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் தாய் தகப்பன்மாருக்கு இப்போது புதிதாக ஒரு பொறுப்பு வந்து சேர்கிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் வீட்டு நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும். நான் ஜேர்மனியில் 22 வருடம் இருந்தேன். அதில் 9 வருடம் நாய்களைப் பராமரிக்கும் விடுதி ஒன்றில் வேலை செய்தேன். கொக்குவிலில் எங்கள் சனசமூக நிலைய விறாந்தையில் அயலவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

மகள் டோர்ட்முண்டில் இருக்கிறாள். நாய் வீதியில் மலம் கழித்தால் நான்தான் அள்ள வேண்டுமாம். உண்மையா, அக்கா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கோண்டாவில்)

உண்மைதான், ஐயா. கயிறு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அள்ள வேண்டும். வயதும் பதவியும் அங்கே கணக்கில்லை. சிறிய பையைக் கையுறைபோல உள்ளங்கையில் மாட்டுங்கள். குனிந்து அள்ளி, மற்றக் கையால் பையின் விளிம்பைப் பிடித்து உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டி இழுத்தால் எல்லாம் பைக்குள் போய்விடும். வாயை முடிச்சுப் போடுங்கள். மெல்லிய பைக்கு ஊடாகச் சூடு கையில் தெரியும். முதல் நாள் மனம் கூசும், நான்காம் நாள் பழகிவிடும். சுவிஸில் பாதையோரங்களில் இதற்கென்றே பச்சை நிறப் பெட்டிகள் உண்டு. பையும் அதிலேயே கிடைக்கும். கட்டிய பையைப் பற்றைக்குள் எறிவது அள்ளாமல் விடுவதிலும் கேடு. புல்வெளியில் கிடப்பது குழந்தைகளின் காலிலும் மேய்கிற மாட்டின் வாயிலும்தான் போகும். இங்கிலாந்தில் அள்ளாமல் போனால் அந்த இடத்திலேயே 100 பவுண் வரை தண்டம் எழுதுவார்கள், வழக்கு என்று போனால் 1,000 வரை ஏறும். புறப்படும்போது சட்டைப்பையில் மூன்று பையாவது இருக்கட்டும்.

எனக்கு நாய் என்றாலே நடுக்கம். அங்கே எங்கு பார்த்தாலும் நாயாமே? (உரும்பிராயிலிருந்து ஒரு தாய்)

அம்மா, எனக்குப் பத்து வயதில் எங்கள் ஒழுங்கையில் நாய் கடித்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஊசிக்கு அலைந்தேன். அந்தப் பயத்தோடுதான் ஜேர்மனியில் போய் இறங்கினேன். முதல் மாதம் ஒரு காலை, வாய்க்காலோரப் பாதை. இரண்டு பேர் விலக மட்டும் இடம். எதிரே ஒரு முதிய பெண், கூடவே கன்றுக்குட்டி அளவில் கறுத்த நாய். நான் வேலியோடு ஒட்டி நின்றுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் குறுக்கினார், நாயைத் தன் மறுபக்கம் மாற்றினார், ஓரமாக நின்று அதை இருத்தினார். நான் கடந்து பத்தடி போகும்வரை இருவரும் அசையவே இல்லை. சட்டம் சொல்லித்தராத மரியாதை அது. அன்று அவர் செய்ததைத்தான் பிறகு 9 வருடம் நானும் செய்தேன். நீங்களும் அதையே செய்யுங்கள். எதிரே வருபவர் தயங்கினால், குழந்தை வந்தால், தள்ளுவண்டி வந்தால், கயிற்றைக் குறுக்கி நாயை உங்கள் மறுபக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். "இது கடிக்காது" என்ற சொல் பயப்படுகிறவருக்கு எந்த ஆறுதலும் தராது.

இன்னும் ஒன்று. கயிற்றில் மஞ்சள் நாடா கட்டிய நாயைக் கண்டால் நெருங்க வேண்டாம். "எனக்கு இடம் விடுங்கள்" என்பதே அதன் பொருள். 2012இல் சுவீடனில் தொடங்கிய வழக்கம் இது, இப்போது பல நாடுகளில் உண்டு. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயைத் தடவவும் கூடாது, கூப்பிடவும் கூடாது. அது வேலையில் இருக்கிறது.

பஸ், ரயிலில் ஏற்றலாமா? (சாவகச்சேரி)

நாட்டுக்கு நாடு வேறு. ஜேர்மன் ரயிலில் கூடைக்குள் அடங்கும் சிறிய நாய்க்குக் காசில்லை. பெரிய நாய்க்கு டிக்கெட், கயிறு, வாய்ப்பூட்டு மூன்றும் வேண்டும். சுவிஸ் ரயிலில் தோள் உயரம் 30 சென்ரிமீற்றருக்குள் இருந்து பையில் வைத்துக்கொண்டால் இலவசம். லண்டன் சுரங்க ரயிலில் கூட்டிப்போகலாம். ஆனால் நகரும் படிக்கட்டில் தூக்கிக்கொள்ள வேண்டும், நகங்களும் பாதமும் சிக்கிவிடும். தூக்க முடியாத நாயென்றால் சாதாரணப் படியால் போங்கள். ரொறன்ரோவில் வேலைநாட்களில் காலை 6.30 முதல் 10 வரையும் மாலை 3.30 முதல் 7 வரையும் ஏற்ற முடியாது. எந்த நாட்டிலும் இருக்கை மனிதருக்கு, நாய் காலடியில்.

கடைக்கு?

சுப்பர்மார்க்கெட்டுக்குள் பொதுவாக விடமாட்டார்கள். "நாங்கள் வெளியே நிற்க வேண்டும்" என்று நாயே சொல்வதுபோல ஜேர்மன் கடை வாசல்களில் படத்தோடு எழுதியிருக்கும். வாசலில் கட்டிவிட்டு உள்ளே நெடுநேரம் நிற்க வேண்டாம். உணவகம் அதன் முதலாளியின் விருப்பம். வாசலில் நின்று கேளுங்கள். சம்மதித்தால் நாய் மேசைக்குக் கீழே படுக்கட்டும், தண்ணீரும் பெரும்பாலும் அவர்களே வைப்பார்கள். உங்கள் தட்டிலிருந்து ஊட்டாதீர்கள். ஒரு முறை ஊட்டினால் அடுத்த மேசையையும் அது பார்க்கத் தொடங்கும்.

ஜேர்மனியில் ஹம் நகரக் காமாட்சி அம்மன் தேருக்குப் போகிறோம். நாயை வீட்டில் தனியே விடவும் மனமில்லை. காரில் வைத்துவிட்டுப் போகலாமா? (நல்லூர்)

வேண்டாம், தங்கச்சி. கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். வெளியே 22 பாகை வெப்பம் இருக்கும் நாளில், யாழ்ப்பாணத்தாருக்குக் குளிரும் நாளில், பூட்டிய காருக்குள் ஒரு மணித்தியாலத்தில் 47 பாகை வரை ஏறலாம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் போதாது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படிக் காருக்குள் கிடந்து மயங்கிய நாயொன்றை எங்கள் விடுதிக்குத் தூக்கி வந்தார்கள். நாக்கு நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஈரத்துணி போட்டோம், மிருக வைத்தியரும் வந்தார். அது பிழைக்கவில்லை. தேர்க் கூட்டமும் மேளச் சத்தமும் நாய்க்கு வாதைதான். அயலவரிடமோ நாய் விடுதியிலோ விட்டுவிட்டு நிம்மதியாகக் கும்பிடுங்கள்.

மகன் நோர்வேயில். மலைப்பக்கம் ஆளே இல்லை. அங்கும் கயிறு கட்டச் சொல்கிறான். ஏன்? (வல்வெட்டித்துறை)

ஆளுக்காக அல்ல, ஐயா. பறவைகள் நிலத்தில் முட்டையிடும் காலம், ஆடும் கலைமானும் குட்டி போடும் காலம். ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை அங்கே நாடு முழுவதும் கயிறு கட்டாயம்.

நாய்க்கு வரியாமே? அநியாயம் இல்லையா?

பேர்லினில் முதல் நாய்க்கு வருடம் 120 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 180. கடித்தால் நட்டஈடு கொடுக்கக் காப்புறுதியும் அங்கே கட்டாயம். எனக்கு இது அநியாயமாகப் படவில்லை. நம் ஊரில் குட்டியை ஆசைக்கு எடுத்துவிட்டு, பெட்டையாகப் போனால் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அந்தக் குட்டிகள் வளர்ந்துதான் இரவில் சைக்கிளைத் துரத்துகின்றன. வாங்கும்போதே கையெழுத்தும் காசும் வைக்க வேண்டியிருந்தால் பத்துத் தரம் யோசித்திருப்பார்கள்.

பேரன் லண்டனில் எக்ஸ்எல் புல்லி இன நாயை வைத்திருக்கிறான். நான் கூட்டிப்போகலாமா?

2024 பெப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடையிலிருந்து விலக்குத் தரும் சான்றிதழ் இல்லாமல் அந்த இனத்தை வைத்திருப்பதே குற்றம். சான்றிதழ் இருந்தாலும் வெளியே கயிறும் வாய்ப்பூட்டும் கழற்றக்கூடாது. அறுபது வயதுக்கு மேல் அந்தப் பலத்தை இழுத்துப் பிடிக்கும் வேலை உங்களுக்கு வேண்டாம், அண்ணை. பேரனே கூட்டிப்போகட்டும்.

எங்கள் வீட்டு ஊர் நாயை மகளிடம் லண்டனுக்கு அனுப்ப முடியுமா? (மானிப்பாய்)

முடியும், பொறுமை வேண்டும். முதலில் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப், அதன் பிறகுதான் விசர்நாய்த் தடுப்பூசி. முறை மாறினால் ஊசி செல்லாது. ஊசி போட்டு 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். போய்ச் சேருவதற்கு 24 முதல் 120 மணித்தியாலத்துக்குள் மிருக வைத்தியர் நாடாப்புழு மருந்து கொடுத்துப் பதிய வேண்டும். மொத்தம் நான்கு மாதத்துக்கு மேல் பிடிக்கும்.

மருமகள் வீட்டு நாய்க்கு ஜேர்மன் மட்டும்தான் விளங்குமாம். நான் எப்படிப் பேசுவேன், பிள்ளை? (கோப்பாயிலிருந்து ஒரு அம்மம்மா)

நான்கு சொல் போதும், அம்மா. "சிட்ஸ்" என்றால் இரு. "பிளாட்ஸ்" என்றால் படு. "ஹியர்" என்றால் இங்கே வா. "அவுஸ்" என்றால் கவ்வியதை விடு. சத்தம் போடாமல், ஒவ்வொரு முறையும் ஒரே தொனியில் சொல்லுங்கள், கூடவே ஒரே கைச்சைகையும் காட்டுங்கள். நாய் சொல்லைவிடக் கையைத்தான் கூர்ந்து பார்க்கும். எங்கள் விடுதியில் பன்னிரண்டு வயதான நாயொன்று, நான் கையைத் தாழ்த்திக்கொண்டு "இஞ்சை வா" என்றால் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வந்து நிற்கும்.