டவரின் சத்தமும் ஒரு பால்மா டின்னும்

அன்பின் அண்ணா,

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டுக் கூரையில் பழைய டிஷ் ஒன்றை வைத்து, கணினியில் செருகும் சின்ன வானொலி வாங்கியான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிளால், பால்வழியிலுள்ள ஹைட்ரஜன் வாயு அனுப்பும் வானொலி அலையைத் தேடுகிறேன். திரையில் இரைச்சல் மட்டும்தான். பக்கத்திலேயே போன் டவர். வேண்டாத அலைகளை மறிக்கும் வடிகட்டி வாங்கச் சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் கட்டுப்படியாகாது. வீட்டில் செய்யலாமா?
– ஒரு மாணவன்

அன்பின் தம்பி,

செய்யலாம். ஹைட்ரஜனின் 1420.4 மெகாஹேர்ட்ஸில் உங்கள் டவர் பேசுவதே இல்லை. 1400 முதல் 1427 வரை யாரும் ஒலிபரப்பக்கூடாது என்பது உலகப் பொதுவிதி. டவர் கத்துவது 900, 1800 பக்கங்களில். அந்தச் சத்தத்தில், மெல்லிய அலையைப் பெருக்கித் தரும் உங்கள் அம்ப்ளிஃபயரின் காது அடைத்துப்போகிறது. அவ்வளவு தள்ளி இருப்பதை மறிக்க நுணுக்கமான வடிகட்டி வேண்டாம்.

முதலில் ஒரு சோதனை. டிஷ்ஷின் முன்னால் அலையை வாங்கும் ஏற்பியை வெறும் வானத்துக்குக் காட்டுங்கள், பிறகு நிலத்துக்கு. நிலம் சூடானது, இரைச்சல் மட்டம் தெளிவாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் காது அடைத்ததுதான்.

ஏற்பியாக 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பால்மா டின்னை எடுங்கள். இதில் எனக்குத் தீராத வியப்பு: அந்த டின்னே ஒரு வடிகட்டி! விட்டத்தை 1.706ஆல் பெருக்கினால் 25.6 சென்ரிமீற்றர். அதைவிட நீண்ட அலை டின்னுக்குள் ஓடாது. 21 சென்ரிமீற்றர் ஹைட்ரஜன் அலை தாராளமாக நுழையும். 900இன் அலை 33 சென்ரிமீற்றர், வழியிலேயே மெலிந்துவிடும். டின் நீளமாக இருந்தால் இன்னும் நல்லது.

1800 மட்டும் உள்ளே வரும். அதை மறிக்கும் வடிகட்டிக்கு, ஏசி திருத்தும் கடையில் கிடக்கும் செப்புக் குழாய்த் துண்டுகள் போதும். 53 மில்லிமீற்றர் அகலத் தகரப் பெட்டிக்குள் மூன்று துண்டுகளை, அகலத்தைவிடச் சற்றுக் குட்டையாக வெட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் மாறி மாறி ஈயம் வைத்து ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் திறந்த முனைக்கும் எதிரே ஒரு திருகாணி. அதைத் திருகித்தான் சுருதி சேர்க்க வேண்டும். மூலைகளையும் ஈயத்தால் மூடிவிடுங்கள், கல்லடி உப்புக்காற்றில் செம்பு சீக்கிரம் களிம்பேறும்.

பெட்டியை முதல் அம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வையுங்கள். நான் முன்னால் வைத்து வாரக்கணக்கில் ஒன்றும் காணாமல் தவித்தேன். அங்கே அலையின் வலு 1 டெசிபெல் குறைந்தாலே, வெப்ப அளவில் சொன்னால் சுமார் 75 கெல்வின் இரைச்சல் கூடும். டின்னுக்குப் பிறகும் நிலச்சோதனை தோற்றால் மட்டும், வேறு வழியில்லை, முன்னால் வையுங்கள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் இரவு 9 மணியளவில் தனுசு ராசி உங்கள் தெற்கு வானில் 53 பாகை உயரத்தில் நிற்கும். டிஷ்ஷை அங்கே நிறுத்திவிட்டுப் பால்வழி கடந்துபோகும்வரை பதிவு செய்யுங்கள். வரைபடத்தை எனக்கும் அனுப்புங்கள், தம்பி.