சிவப்புத் துணைக்கால்

கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பெரம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்காக ஒரு வாசிப்புப் புத்தகத்தை லாடெக் (LaTeX) என்ற பக்க அமைப்பு மென்பொருளில் நானே தயாரித்து வருகிறேன். உயிர்மெய் எழுத்துகளில் மெய்யின் வடிவம் கறுப்பிலும், துணைக்கால், கொம்பு முதலியவை சிவப்பிலும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. போர்டில் இரண்டு கலர் சாக்பீஸால் எழுதும்போது பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

அதன் ஒரு வகையான ஸீலாடெக்கில் (XeLaTeX) ஓட்டினால் சிவப்பு வருகிறது. ஆனால் 'கொ' எழுதி, கொம்புக்கும் காலுக்கும் மட்டும் சிவப்புக் கொடுத்தால், புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னொரு வகையான லுவாலாடெக்கில் (LuaLaTeX) சரியாகும் என்று யாரோ சொன்னார்கள். அதில் ஓட்டினேன். ஃபைலில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. முழுப் புத்தகமும் கறுப்பாகிவிட்டது. போதாததற்கு, அச்சகத்தில் போட்டுக் கொடுத்த மாதிரித் தாளில் கறுப்பு எழுத்துகளின் ஓரத்தில் நீலமும் சிவப்புமாக நிழல் தெரிகிறது. மெஷின் சரியாக இருக்கிறது, ஃபைல்தான் தப்பு என்கிறார்கள். ஃபைலின் முதல் பக்கத்தை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?

ஒரு தமிழாசிரியை, சென்னை

பதில்

அன்புள்ள டீச்சருக்கு,

ஃபைலைப் பார்த்தேன். மூன்று சிக்கலும் மூன்று இடத்தில் இருக்கின்றன. வேர் மட்டும் ஒன்றுதான்: லாடெக் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் டெக்குக்கு (TeX) வண்ணம் என்றால் என்னவென்று தெரியாது.

நான் வேலை பழகியது திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அச்சகத்தில். ஈய எழுத்துக் காலம் முடியப்போகிற நேரம் அது. கல்யாணப் பத்திரிகைக்கு இரண்டு மை என்றால், கம்போசிட்டர் எழுத்தைக் கோத்துவிட்டு, 'மேல் வரி சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைப்பார். மை போடுவது அவர் வேலை இல்லை. டிரெடில் ஓட்டுகிறவர் அந்தச் சீட்டைப் பார்த்து முதலில் ஒரு மையில் ஓட்டுவார், கழுவிவிட்டு அடுத்த மையில் ஓட்டுவார்.

டெக் அந்தக் கம்போசிட்டர். எழுத்தின் அகலம், உயரம், வரி எங்கே உடையும், பக்கம் எங்கே முடியும், இவைதான் அதன் கணக்கு. டொனால்ட் கனூத் திரும்ப எழுதி 1982இல் வெளிவந்த டெக்கில் வண்ணத்துக்கு என்று ஒரு கட்டளைகூடக் கிடையாது. 'ஸ்பெஷல்' என்று ஒன்றை வைத்தார். அதற்குள் நீங்கள் என்ன எழுதினாலும் டெக் அதற்குப் பொருள் பார்க்காது. அப்படியே டிவிஐ என்ற தன் வெளியீட்டு ஃபைலில் ஒட்டி அடுத்த ஆளிடம் கொடுத்துவிடும். சீட்டு என்று நான் சொன்னது அதைத்தான். அடுத்த ஆள்தான் பேக்கெண்ட். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியில் எழுதும் டிவிஐபிஎஸ் (dvips) ஒரு ஆள். ஸீலாடெக்கை ஓட்டும் ஸீடெக்குக்குப் பின்னால், நம் கண்ணில் படாமலே ஓடி பிடிஎஃப் எழுதுகிற எக்ஸ்டிவிஐபிடிஎஃப்எம்எக்ஸ் இன்னொரு ஆள். டெக்கின் வேறொரு வகையான பிடிஎஃப்டெக்கும், லுவாலாடெக்கை ஓட்டும் லுவாடெக்கும் தனி ஆள் வைத்துக்கொள்வதில்லை, தாமே பிடிஎஃப் எழுதிவிடும். சிக்கல் என்னவென்றால், இவர்கள் ஒவ்வொருவருக்கும் சீட்டை ஒவ்வொரு விதமாக எழுத வேண்டும்.

இப்போது உங்கள் ஃபைலின் நான்காவது வரியைப் பாருங்கள். வண்ணத்துக்கான கட்டளைத் தொகுப்பான எக்ஸ்கலர் (xcolor) பேக்கேஜை அழைக்கும் இடத்தில், சதுர அடைப்புக்குள் 'டிவிஐபிஎஸ்' என்று இருக்கிறது. பழைய கேள்வித்தாள் டெம்ப்ளேட் எதிலிருந்தோ வந்திருக்கும். அப்படி வந்த வரியை நான் நிறைய ஃபைல்களில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லால், சிவப்பு கேட்கிற இடத்தில் எல்லாம் டிவிஐபிஎஸ்ஸுக்குப் புரியும் சீட்டு எழுதப்படுகிறது. ஸீடெக்கின் பின்னால் இருப்பவருக்கு அந்தப் பழைய சீட்டும் படிக்கத் தெரியும், அதனால் அங்கே சிவப்பு வந்தது. லுவாடெக்குக்குத் தெரியாது. படிக்கத் தெரியாத சீட்டை அது ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறது. பிழை என்று சொல்லி நிற்காது. ஓட்டும்போது வருகிற லாக் ஃபைலில் ஒரு எச்சரிக்கை இருக்கும், அதை யாரும் திறப்பதில்லை. தயவுசெய்து திறந்து பாருங்கள், இனி எப்போதும்.

தீர்வு, அந்தச் சொல்லை எடுத்துவிடுவது. டிரைவர் பெயரை, அதாவது சீட்டு யாருக்கு என்பதை, நாம் சொல்லவே வேண்டாம். ஸீடெக்கா, லுவாடெக்கா, எந்த இன்ஜின் ஓடுகிறது என்பதை பேக்கேஜே பார்த்து, அதற்கு உரிய டிரைவர் ஃபைலை எடுத்துக்கொள்ளும். அப்புறம் புத்தகம் முழுக்க 'சிவப்பு' என்று நேரடியாக எழுதாமல், 'உயிர்க்குறி' என்று ஒரு வண்ணப் பெயரைத் தொடக்கத்தில் ஒரே இடத்தில் வரையறுத்துக்கொள்ளுங்கள். இதன் பயன் கீழே அச்சகத்துக்கு வரும்போது தெரியும்.

இந்த இடத்தில் பிடிஎஃப்டெக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கமும் கறுப்பில்தான் தொடங்கும். முந்தைய பக்கத்தில் என்ன நிறம் ஓடியது என்பது அடுத்த பக்கத்துக்குத் தெரியாது. அந்தக் காலத்தில், சிவப்பில் ஓடும் பத்தி ஒன்று பக்கம் தாண்டினால் மிச்சம் கறுப்பாகிவிடும். டிவிஐபிஎஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. அது நிறங்களைத் தானே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நினைவில் வைத்திருக்கும். 2007இல் வந்த பிடிஎஃப்டெக் 1.40இல்தான் அதற்கும் ஓர் அடுக்கு கிடைத்தது. தட்டு மேல் தட்டு வைப்பது போல: புது நிறம் வந்தால் மேலே வை, முடிந்தால் எடு, புதுப் பக்கம் தொடங்கும்போது மேல் தட்டில் இருப்பதைத் திரும்பச் சொல். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் இதற்கு ஏதேதோ ஒட்டுவேலை சொல்லியிருப்பார்கள். அவை எதுவும் இன்று உங்களுக்குத் தேவையில்லை.

இனி புள்ளி வட்டம். தமிழுக்கு முக்கியமான இடம் இதுதான், ஆங்கிலத்துக்காக எழுதிய கையேடுகளில் இதைத் தேடிப் பயனில்லை. 'கொ' என்பது கணினிக்குள் இரண்டே குறிகள்: க, அதன் பின் ஒகரக் குறி. அந்த ஒகரக் குறியைப் பிரித்து, கொம்பை ககரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் வைப்பது எழுத்தை உருவாக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல். ஸீடெக்கில் அது 2013 முதல் இருக்கிறது. எழுத்துகள் இடைவெட்டு இல்லாமல் ஒரே சரமாக வந்தால்தான் அதனால் இதைச் செய்ய முடியும். நீங்கள் ககரத்துக்கும் குறிக்கும் நடுவே நிறத்தை மாற்றும்போது அங்கே ஒரு சீட்டு செருகப்படுகிறது. சரம் இரண்டாக அறுகிறது. முதல் துண்டில் க தனியாகப் போகிறது. இரண்டாவது துண்டில் தாங்குவதற்கு எழுத்தே இல்லாமல் ஒகரக் குறி மட்டும் போகிறது. ஏறிக்கொள்ள இடம் இல்லாத குறிக்கு ஹார்ஃப்பஸ் ஒரு புள்ளி வட்டத்தைப் போட்டுக் கொடுக்கிறது.

லுவாடெக்கில் லுவாகலர் என்ற பேக்கேஜ், சீட்டைச் செருகாமல் எழுத்தின் மேலேயே நிறத்தைக் குறித்துவைக்கும். நல்ல வழிதான். ஆனால் 'கொ'வில் கொம்பும் காலும் பிறப்பதே ஒரு குறியிலிருந்து என்பதால், உங்கள் புத்தகத்துக்கு நான் அதை நம்பி இறங்க மாட்டேன். நான் செய்வது வேறு. எந்த இன்ஜினிலும் ஓடும், எழுத்துக்குள் கையே வைக்க வேண்டியதில்லை.

'கா'வை முழுசாகச் சிவப்பில் போடுங்கள். அதே இடத்துக்குத் திரும்பி வந்து அதன் மேல் கறுப்பில் 'க' போடுங்கள். ககரம் ககரத்தின் மேல் அச்சாகப் பொருந்தி மூடிவிடும், துணைக்கால் மட்டும் சிவப்பாக நிற்கும். இடம் எடுத்துக்கொள்ளாமல் ஓர் எழுத்தைப் போட்டு, தொடங்கிய இடத்துக்கே வருவதற்கு 'ஆர்லாப்' என்ற பழைய கட்டளை போதும். 'கொ'வுக்கு, மேலே போடும் ககரத்தைக் கொம்பின் அகலம் அளவுக்கு வலப்பக்கம் தள்ள வேண்டும். அந்த அகலத்தைத் தனியாகத் தேட வேண்டாம்: 'கெ'யின் அகலத்தில் 'க'வின் அகலத்தைக் கழித்தால் வந்துவிடும். டெக்கே அளந்து கழித்துக்கொள்ளும். இதை ஒருமுறை மேக்ரோவாக, அதாவது பெயர் வைத்த குறுங்கட்டளையாக, எழுதிவிட்டால் கெ, கே, கை, கொ, கோ எல்லாம் அதிலேயே அடங்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை நகலெடுத்தால் இரண்டிரண்டாக வரும். அச்சுப் புத்தகத்துக்கு அதனால் பாதகம் இல்லை.

உகர, ஊகார வரிசைக்கு இது பொருந்தாது. கு, மு, து, நு எதை எடுத்தாலும் குறியும் எழுத்தும் ஒரே வடிவமாக ஒட்டியிருக்கின்றன. 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவை மற்ற எழுத்துகளைப் போலத் தனிக் காலும் தனிக் கொம்பும் பெற்றன. அதனால்தான் இன்று உங்களால் 'னை'யின் கொம்பை மட்டும் சிவப்பாக்க முடிகிறது. உகர வரிசை அப்போது மாறவில்லை. அந்தப் பக்கங்களில் முழு எழுத்தையும் சிவப்பில் போடுங்கள். இங்கே குறியைப் பிரிக்க முடியாது, எழுத்தையே அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய விஷயமும்கூட.

கடைசியாக அச்சகம். இதில் அவர்கள் சொன்னது சரி. ஃபான்ட்டை அறிவிக்கும் வரியில் நிறமும் கொடுத்திருக்கிறீர்கள், ஆறு சைபர் போட்டு. திரையில் அது சுத்தமான கறுப்பு. ஆனால் ஸீடெக்கில் ஃபான்ட் வழியாகக் கொடுக்கும் நிறம் எப்போதும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற திரைக் கணக்கில்தான் பிடிஎஃப்புக்குப் போகும். ஒவ்வொரு மைக்கும் ஒன்றாக அச்சுத் தகடு, அதாவது பிளேட், எடுக்கும்போது அந்தக் கறுப்பு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு பிளேட்டிலும் பிரிந்து விழுகிறது. நாலு தடவை அச்சாகும் எழுத்தில் ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் ஓரத்தில் நிழல் தெரியும். ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தில் எனக்கு இது நடந்திருக்கிறது. 1,000 பிரதி. மெய்யெழுத்துகளின் மேல் இருந்த புள்ளி ஒவ்வொன்றும் நீலமும் சிவப்புமாக இரண்டு புள்ளியாகத் தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குப் புள்ளிதான் எல்லாம். அந்தக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்த சாயங்காலம் இன்னும் மனதில் இருக்கிறது.

நிறத்தை ஃபான்ட் வரியிலிருந்து எடுத்துவிடுங்கள். நிறம் எதுவும் சொல்லாவிட்டால் எழுத்து வெறும் கறுப்புச் சாயலாக எழுதப்பட்டு, கறுப்பு பிளேட்டில் மட்டும் விழும். எக்ஸ்கலரில், டிவிஐபிஎஸ் இருந்த இடத்தில் 'சிஎம்ஒய்கே' என்று போடுங்கள். அது டிரைவர் பெயர் இல்லை, எல்லா நிறத்தையும் அச்சுக் கணக்குக்கு மாற்றச் சொல்வது. ஃபான்ட் வரியில் இருக்கும் நிறத்தை அது தொடாது, அதனால் இரண்டையும் செய்ய வேண்டும்.

உங்கள் புத்தகத்தில் கறுப்பும் சிவப்பும்தானே? அப்படியானால் நாலு கலருக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? டபுள் கலர் போதும். இதற்குத் தனி மை என்று பிடிஎஃப்பில் அறிவிக்கும் முறை உண்டு. ஆனால் அதிலும் ஸீடெக்குக்கு ஒரு பேக்கேஜ், லுவாடெக்குக்கு வேறு பேக்கேஜ் என்று பிரிந்து நிற்கிறது. மறுபடி பேக்கெண்டுக்குள் போக வேண்டும். எளிய வழி ஒன்று இருக்கிறது. 'உயிர்க்குறி' என்று பெயர் வைத்தோமே, அதை நூறு சதவீத மெஜந்தா என்று வரையறுங்கள். அச்சகத்தில் கறுப்பு, மெஜந்தா என்று இரண்டு பிளேட் மட்டும் எடுக்கச் சொல்லி, மெஜந்தா பிளேட்டுக்குச் சிவப்பு மை போடச் சொல்லுங்கள். திரையில் அடர்ந்த ரோஜா நிறமாகத் தெரியும், பயப்படாதீர்கள். தாளில் நீங்கள் கேட்ட சிவப்பு வரும். கறுப்பை ஓவர்பிரின்ட்டில் வைக்கவும் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் மேலே போட்ட ககரம் அடியில் இருக்கும் சிவப்பை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகும். பிளேட் நகர்ந்தாலும் நடுவே வெள்ளைக் கோடு விழாது.

ஃபைலைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. பிடிஎஃப்பைப் படிக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் 'இங்க்கவ்' (inkcov) என்று ஒரு டிவைஸ் இருக்கிறது. பிடிஎஃப்பைக் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் நாலு மையும் எவ்வளவு இருக்கிறது என்று நாலு எண்ணாகச் சொல்லும். சயானுக்கான முதலாவதும் மஞ்சளுக்கான மூன்றாவதும் எல்லாப் பக்கத்திலும் சைபராக இருக்க வேண்டும். எங்காவது இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் திரைக் கணக்கு நிறம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது ஒரு படமாக இருக்கும்.

கி, கீ இரண்டைப் பற்றி மட்டும் இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. சில ஃபான்ட்டில் விலங்கு, அதாவது இகர, ஈகாரக் குறி, ககரத்தோடு இணையும்போது ககரத்தின் வடிவமே கொஞ்சம் மாறுகிறது, மேலே போடும் 'க' பொருந்தாமல் போகலாம். ககர வரிசைப் பக்கத்தை மட்டும் 72 பாயின்ட்டில் தனி பிடிஎஃப்பாக எடுத்து அனுப்புங்கள். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.