கரண்ட் போய் நின்ற லினக்ஸ் கணினி: எஃப்எஸ்சிகே ஓட்டும் முன்

கேள்வி: கரண்ட் போய் கணினி அணைந்தது. மறுபடி போட்டால் உபுண்டு ஏறவில்லை. கருப்புத் திரையில், எஃப்எஸ்சிகேயை நீங்களே ஓட்டுங்கள் என்று வருகிறது. கேட்பதற்கெல்லாம் ‘ஒய்’ கொடுத்துவிடலாமா? ஃபைல்கள் தப்புமா?

பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் ‘ஒய்’ மட்டும் இப்போது அடிக்காதீர்கள். எஃப்எஸ்சிகேயின் வேலை உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுவது இல்லை, ஃபைல் சிஸ்டத்தின், அதாவது எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று வைத்திருக்கும் ஏற்பாட்டின், கணக்கை நேராக்குவது. ஒரு பதிவு இடிக்கிறது என்றால் அந்தப் பதிவையே அழித்துவிட்டுக்கூடக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். அழித்தபின் திரும்பக் கேட்க வழியில்லை.

உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4-இல்தான் ஜர்னல் இருக்கிறதே என்று தோன்றும். கடையில் வரவுசெலவை முதலில் குறிப்பேட்டில் எழுதி அப்புறம் பேரேட்டில் ஏற்றுவார்களே, ஜர்னலும் அப்படித்தான். பாதியில் கரண்ட் போனால், மறுமுறை கணினி ஏறும்போது அதைப் படித்துச் சரிசெய்துகொள்ளும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதையும் தாண்டி உங்களைக் கூப்பிடுகிறது என்றால் டிஸ்க்கையே சந்தேகப்பட வேண்டும்.

அதனால் ஒரு லைவ் யுஎஸ்பியில், அதாவது கணினியின் டிஸ்க் இல்லாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவில், ஏறுங்கள். பழுதான பார்ட்டிஷனை (டிஸ்க்கின் அந்தப் பிரிவை) மவுன்ட் செய்ய வேண்டாம், அதாவது ஃபைல்களைத் திறக்கும்படி இணைக்க வேண்டாம். ரீட் ஒன்லி என்று போட்டால் எதுவும் எழுதாது என்று பலரும் நம்புகிறார்கள். இஎக்ஸ்டி4 அப்போதும் ஜர்னலை ஓட்டி டிஸ்க்கில் எழுதும். ‘நோலோடு’ என்ற ஆப்ஷனையும் சேர்த்தால்தான் சும்மா இருக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டில் 5 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள்), 197 (சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள்) ஆகிய இரண்டு வரிகளைப் பாருங்கள். செக்டர் என்பது டிஸ்க்கின் சிறு துண்டு. 197-இல் பூஜ்யம் இல்லையென்றால் படிக்க முடியாத செக்டர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். அந்த டிஸ்க்கின்மேல் எந்த ரிப்பேரும் ஓட்டக் கூடாது.

எப்படியிருந்தாலும் அடுத்த வேலை நகல். பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் ஜிஎன்யு டிடிரெஸ்கியூவால் அந்தப் பார்ட்டிஷனை முழுதாக வேறொரு டிஸ்க்கில் இமேஜாக, அதாவது அப்படியே ஒரே ஃபைலாக, எடுங்கள். எதுவரை நகலானது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலின் பெயரைக் கொடுக்க மறக்காதீர்கள். டிடிரெஸ்கியூ நன்றாக வரும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். நடுவில் நின்றாலும் மேப் ஃபைல் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இனி எல்லாச் சோதனையும் இமேஜில். முதலில் இ2எஃப்எஸ்சிகேயை (இஎக்ஸ்டி4-க்கான எஃப்எஸ்சிகே) ‘மைனஸ் என்’ போட்டு ஓட்டினால் எதையும் மாற்றாமல் எங்கெங்கே பழுது என்று மட்டும் சொல்லும். ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக்கே கெட்டுவிட்டது என்றால் பயப்பட வேண்டாம், அதற்கு மாற்றுப் பிரதிகள் உண்டு: 4 கேபி பிளாக் என்றால் வழக்கமாக 32768, 98304, 163840 ஆகிய இடங்களில். ‘மைனஸ் பி’ போட்டு அந்த எண்ணைக் கொடுத்தால் போதும். அப்புறம் இமேஜின் இன்னொரு பிரதியில் தாராளமாக ‘ஒய்’ அடியுங்கள்.

முடிந்ததும் அந்தப் பிரதியை மவுன்ட் செய்து, இடம் தெரியாமல் போன ஃபைல்களை எஃப்எஸ்சிகே போட்டுவைக்கும் லாஸ்ட் ஃபவுண்ட் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பெயர் தொலைந்த ஃபைல்கள் ஹேஷ் குறியும் ஐநோட் எண்ணுமாக (ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு ஃபைலுக்கும் கொடுக்கும் எண்) கிடக்கும். இந்த இடத்தில் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள், அவசரப்பட வேண்டாம். அதில் ஃபோல்டர்களும் இருக்கும். ஃபோல்டருக்குத்தான் பெயர் போயிருக்கும், உள்ளே நுழைந்தால் ஃபைல்கள் அவற்றின் சொந்தப் பெயரோடு இருக்கும். தெரிந்த ஒரு அச்சகத்தின் கணினியில், ஹேஷும் எண்ணுமாக நின்ற ஒரே ஃபோல்டருக்குள் மொத்தக் கல்யாணப் பத்திரிகை டிசைன்களும் பெயர் மாறாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தனி ஃபைல்களுக்கு ‘ஃபைல்’ கமாண்டைக் கொடுங்கள், ஜேபெக்கா பிடிஎஃப்பா என்று சொல்லிவிடும்.

கரண்ட் போவதற்குச் சற்று முன் சேமித்த ஃபைல் 0 பைட் என்று காட்டினால், அதை டிஸ்க்கில் தேட வேண்டாம். இஎக்ஸ்டி4 புதுத் தகவலை உடனே எழுதாமல் கொஞ்ச நேரம், சில சமயம் 30 நொடி வரைகூட, மெமரியிலேயே வைத்திருக்கும். அது டிஸ்க்குக்கு வந்தே சேரவில்லை. லிப்ரே ஆபீஸில் அடித்ததென்றால் அதன் பேக்கப் ஃபோல்டரில் முந்தைய பிரதி இருக்கிறதா என்று பாருங்கள்.