சென்ற முறைக்கு நன்றி – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகருக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சொந்த ஊர் மதுரைப் பக்கம். இங்கே குடியேறிய முதல் ஆண்டில் நீங்கள் எழுதிய கட்டுரையைப் புறப்படுவதற்கு முன்பே படித்திருந்தேன். டேனிஷ் மக்கள் நேர்மையானவர்கள், ஆனால் யாரையும் நெருங்க விடாதவர்கள் என்று அதை முடித்திருந்தீர்கள். வந்து பார்த்தால் அதுவே சரி என்று படுகிறது.

என் நெறியாளருக்கு அறுபது வயது இருக்கும். முதல் நாளே தன்னைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் வாய் வரவில்லை. மின்னஞ்சலில் அவர் பெயரை எழுதிவிட்டு, அனுப்ப மனமில்லாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு ‘ஹை’ சொல்வதோடு சரி. பேருந்தில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை.

மூன்று வாரங்களுக்கு முன்பு ஆய்வகத்தில் உடன் பணியாற்றும் பெண் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். மகிழ்ச்சியான மாலை. கிளம்பும்போது மறக்காமல் நன்றி சொன்னேன். திங்கட்கிழமை நடைவழியில் எதிரே வந்தவர் ஒரு கணம் நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் புன்னகைத்துவிட்டு வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் முகம் சற்று வாடியதைப் போலிருந்தது. நான் என்ன தவறு செய்தேன்? மரியாதைச் சொல்லே இல்லாத மொழியில் மரியாதையை எங்கே தேடுவது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

அந்தக் கட்டுரையை எழுதியபோது நான் இங்கே வந்து பத்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இப்போது பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. அதில் எழுதிய காட்சிகள் எல்லாம் நான் கண்ணால் கண்டவைதான். அவற்றிலிருந்து நான் எடுத்த முடிவுதான் தவறு. அந்த முடிவை நம்பிக்கொண்டு ஒருவர் இந்த ஊருக்கு வந்து இறங்கியிருக்கிறார் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகவே இந்தப் பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நெறியாளர். டேனிஷ் மொழியில் மரியாதைச் சொல் இல்லாமல் இருந்ததில்லை. ‘நீ’ என்பதற்கு ‘டு’ என்றும், நம் ‘நீங்கள்’ போல ‘டி’ என்றும் இரண்டு சொற்கள் இருந்தன. கடைக்காரரையும் மருத்துவரையும் முன்பின் தெரியாத பெரியவரையும் ‘டி’ போட்டு அழைப்பதே ஒரு காலத்தில் வழக்கம். 1960களின் இறுதியில் தொடங்கி 1970களில் அந்தச் சொல் பேச்சிலிருந்து வேகமாக உதிர்ந்துபோனது. இன்று அரச குடும்பத்தினரிடம் பேசும்போதும், பழைய முறைப்படி எழுதப்படும் சில கடிதங்களிலும்தான் அது மிச்சமிருக்கிறது. உங்கள் நெறியாளருக்கு அறுபது வயது என்றால், அவருடைய பெற்றோர் நாள்தோறும் பயன்படுத்திய ஒரு சொல் அவர் பள்ளி முடிப்பதற்குள் வழக்கொழிந்துவிட்டது என்று பொருள். மேலே இருப்பவர், கீழே இருப்பவர் என்று பேச்சிலேயே வரி கிழித்து வைத்திருந்த பழக்கத்தை விட்டொழித்த தலைமுறையின் கையில் வளர்ந்தவர் அவர். அப்படிப்பட்டவர் தன்னைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்கிறார் என்றால், தனக்குக் கிடைத்த ஒன்றை உங்களுக்கும் கொடுக்கிறார். நீங்கள் ‘சார்’ என்று அழைத்தால் அது அவர் காதில் மரியாதையாக விழாது. நீங்கள் அவரைத் தள்ளி நிறுத்துவதாகத்தான் விழும். என் மகள் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், தன் ஆசிரியையை வெறும் பெயரால் குறிப்பிட்டபோது எனக்கும் உடம்பு கூசியது. அதே ஆசிரியை ஏழு வயதுக் குழந்தை பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கூச்சம் விலகியது.

இனி அந்தத் திங்கட்கிழமை. நீங்கள் செய்தது தவறல்ல. ஒரு சிறிய வாக்கியம் சொல்லப்படாமல் விட்டுப்போயிருக்கிறது. ‘தக் ஃபோ சிஸ்ட்’ என்பது அந்த வாக்கியம். ‘சென்ற முறைக்கு நன்றி’ என்று தமிழில் சொல்லலாம். ஒருவர் வீட்டில் சாப்பிட்டாலோ, ஒரு மாலைப் பொழுதைச் சேர்ந்து கழித்தாலோ, அடுத்த முறை சந்திக்கும்போது வேறு எதையும் பேசுவதற்கு முன் இதைச் சொல்ல வேண்டும்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் டேனிஷ்காரர் அல்லர். 1980களில் அகதியாக வந்து, ஹெர்னிங் பக்கம் குடியேறி, ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஈழத்தமிழர் ஒருவர். அந்த ஊர்ப் பிள்ளையார் கோயிலில் அறிமுகமானார். உங்களுக்கு நேர்ந்தது போலவே எனக்கும் நேர்ந்ததை அவரிடம் சொன்னேன். “தம்பி, இவங்கட வீட்டில சாப்பிட்டா, அடுத்த முறை காணேக்க அதுக்கு நன்றி சொல்லோணும். அண்டைக்கு வாசல்ல சொன்னது காணாது” என்றார். யாரிடமும் கேட்க வழியில்லாத காலத்தில், மொழியும் தெரியாமல், முகங்களைப் பார்த்துப் பார்த்தே இவற்றைக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. நானும் நீங்களும் புதிதாகக் கண்டுபிடிப்பதாக நினைக்கும் பலவற்றை அவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு நான் ‘தக்’ என்ற சொல்லையே கவனிக்கத் தொடங்கினேன். டேனிஷ் மொழியில் ‘தயவுசெய்து’ என்பதற்கு நேரான தனிச்சொல் இல்லை. அடுமனையில் ஒருவர் “ஒரு கம்பு ரொட்டி” என்று கேட்டு, கடைசியில் ஒரு ‘தக்’ சேர்ப்பார். பணிவு அத்தனையும் அந்த ஓரசைக்குள் இருக்கிறது. குடித்த காப்பிக்கு ஒரு தக் உண்டு. இரவல் வாங்கிய சைக்கிள் பம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது இரவலுக்கென்று ஒரு தக் உண்டு. வேலை முடிந்து கிளம்பும்போது ‘இன்றைய நாளுக்கு நன்றி’ என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இவற்றில் என்னை நெகிழ வைத்தது ஒரு குழந்தை சொன்னது. பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆறு வயதுப் பையன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கும் முன் தன் அப்பாவைப் பார்த்து “தக் ஃபோ மத்” என்றான். ‘சாப்பாட்டுக்கு நன்றி.’ ‘மத்’ என்பதன் கடைசி ஒலி நம் காதுக்குத் தகரத்துக்கும் லகரத்துக்கும் நடுவே எங்கோ கேட்கும். அடுப்படியில் நின்றிருந்த அப்பா திரும்பிப் பார்த்து “வெல்பிகொம்மே” என்றார். சாப்பிட்டது உடம்பில் நன்றாகச் சேரட்டும் என்பது போல ஒரு பதில். சமைத்தவருக்குச் சாப்பிட்டவர் நன்றி சொல்லாமல் மேசையை விட்டு எழுவது இங்கே வழக்கமில்லை. நம் வீடுகளில் அம்மாவுக்கு நன்றி சொன்னால் அவர் முகம் மாறிவிடும், “என்னடா, வேத்தாளா நான்?” என்பார். நெருக்கம் இருக்கும் இடத்தில் நன்றி தேவையில்லை என்று நாம் வளர்ந்திருக்கிறோம். நெருக்கம் இருந்தாலும் செய்த வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இவர்கள் வளர்ந்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் யாரும் நன்றி சொல்லாமலே சமைத்துப் போட்ட என் அம்மாவை அன்றிரவு தொலைபேசியில் அழைத்தேன். சொல்ல வந்ததை என்னால் சொல்ல முடியவில்லை.

என் பழைய கட்டுரையில் ஒரு மூதாட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். உங்களுக்கு நினைவிருக்கலாம். அதைத் திருத்தாமல் விட எனக்கு மனமில்லை. நான் முதலில் குடியிருந்த கட்டடத்தில் துணி துவைக்கும் இயந்திரங்கள் நிலவறையில் இருந்தன, எல்லா வீடுகளுக்கும் பொதுவாக. வாசலில் ஒரு பலகை தொங்கும்; அதில் நாட்களும் நேரங்களும் கட்டம் கட்டியிருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் எண் பொறித்த ஒரு சிறிய பூட்டு. வேண்டிய கட்டத்தில் அதைப் பூட்டிவிட்டால் அந்த நேரம் உங்களுடையது. என் முறை ஐந்து மணிக்கு முடிந்தது. நான் கீழே போனபோது ஐந்து இருபது. அடுத்த முறைக்குரிய மூதாட்டி தன் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். “என் நேரம் ஐந்து மணி” என்று மட்டும் சொன்னார். புன்னகைகூட இல்லாத மனிதர்கள் என்று நான் எழுதியது அன்றைக்குத்தான்.

அவர் இருபது நிமிடம் நின்றிருந்தார். இயந்திரம் நின்றுவிட்டிருந்தது, திறந்து என் ஈரத்துணிகளை எடுத்து வெளியே வைத்திருக்கலாம். அடுத்தவர் துணியைத் தொடக்கூடாது என்று நினைத்து அவர் செய்யவில்லை. அவருடைய பொறுமையைப் பார்க்காமல், வராத புன்னகையை மட்டும் எண்ணிக்கொண்டு நான் மேலே ஏறி வந்தேன். இங்கே மரியாதையின் பெரும்பகுதி நேரத்தில்தான் இருக்கிறது. ஆறு மணிக்கு விருந்து என்றால் ஆறு மணி. “42ஆம் வாரம் ஊரில் இருப்பீர்களா?” என்று ஆகஸ்டிலேயே கேட்பார்கள். ஆண்டின் வாரங்களை எண்ணால் சொல்வது இங்கே அன்றாடப் பேச்சு. 42ஆம் வாரம் பள்ளிகளின் இலையுதிர்கால விடுமுறை, பிள்ளைகள் உருளைக்கிழங்கு அறுவடைக்குப் போன காலத்திலிருந்து ‘உருளைக்கிழங்கு விடுமுறை’ என்று பெயர். இரண்டு மாதம் முன்பே நாள் குறிப்பதை விலகல் என்று நினைத்தேன். அந்த நாளில் எனக்காக மட்டும் ஒரு மாலையை ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்பது புரியப் பல விருந்துகள் ஆயின.

இதனால் தனிமை இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரும் அத்தை, சித்தி யாரும் இங்கே இல்லை. அதற்குச் சங்கங்களில் சேருங்கள். பூப்பந்து, சேர்ந்திசை, தோட்டம் என்று எதற்கும் இங்கே ஒரு சங்கம் உண்டு. நட்பு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. பேருந்தில் முளைப்பதில்லை.

துறைமுகத்தை ஒட்டி 2015இல் திறக்கப்பட்ட டொக்கன் நூலகத்துக்குப் போயிருக்கிறீர்களா? உள்ளே கூரையிலிருந்து ஒரு பெரிய குழாய்மணி தொங்குகிறது. நகர மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் பெற்றோர் விரும்பினால் அங்கே ஒரு பொத்தானை அழுத்தலாம். இங்கே மணி ஒலிக்கும். யார் குழந்தை, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. சென்ற குளிர்காலத்தில் அங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு பெண்மணி ஒரு மணி நேரமாகத் தலை நிமிரவில்லை. மணி ஒலித்தது. அந்த ஆழ்ந்த ஒலி அடங்கும்வரை அவர் புத்தகத்திலிருந்து கண்ணெடுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு இருவரும் படிப்புக்குத் திரும்பினோம். பத்து மாதத்தில் எழுதிய அந்தக் கட்டுரையில் இந்தச் சிரிப்புக்கு இடமே வைக்காமல் போனேன்.

உங்கள் தோழியிடம் மூன்று வாரம் கழித்து எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். ‘சிஸ்ட்’ என்றால் கடைசியாகச் சந்தித்த அந்த முறை; அது நேற்றாகவும் இருக்கலாம், போன கோடையாகவும் இருக்கலாம். மாதங்கள் கழித்துச் சந்திப்பவர்களும் அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நாளை அவரைப் பார்த்ததும், வேலையைப் பற்றிப் பேசும் முன், அந்த மூன்று சொற்களைச் சொல்லுங்கள். அன்று அவர் என்ன சமைத்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

அன்புடன்.