வலை பொத்தச் சொல்வதும் வைத்தியமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. வாவியில் தோணி வைத்து மீன் பிடித்தவர். நான்கு மாதங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து இடது பக்கம் இழுத்துவிட்டது. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். இடது கைதான் சரிவரவில்லை; மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சம் அசைப்பார். ஆஸ்பத்திரியில் ஓ.ரி. (தொழில்வழிச் சிகிச்சை) மிஸ், "பழைய வலையைக் கொடுத்துப் பொத்தச் சொல்லுங்கள், வெங்காயம் உரிக்க விடுங்கள்" என்கிறார். வருத்தக்காரனிடம் வேலை வாங்குவதா என்று அம்மாவுக்குக் கோபம். பந்து கசக்கினால் போதாதா? (வாசகி, கல்லடி)

பதில்: அம்மாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த மிஸ் சொன்னதுதான் தொழில்வழிச் சிகிச்சை, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யவைத்தே தேற்றுவது. அப்பாவுக்கு இப்போது மிகவும் தேவைப்படுவதும் அதுதான்.

பாரிசவாதத்தில் கையை ஏவுகிற மூளைப் பகுதி அடிபடுகிறது. முதல் சில வாரம் இடது கை முயன்று பார்க்கும், முடியாமல் போகும். வலது கையும் வீட்டாரும் எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள். அப்படியே மூளை இடது கையைக் கூப்பிடுவதையே விட்டுவிடும். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை முதலில் குரங்குகளில் கண்டார். பிறகு மனிதரில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. பாரிசவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு நல்ல கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பலவீனமான கையையே பாவிக்க வைத்து, இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்களின் கை நன்றாகத் தேறியது. ஒரு வருடம் கழித்தும் அந்த முன்னேற்றம் நின்றது.

அப்பா நான்காம் மாதத்தில் இருக்கிறார், விரலும் அசைகிறது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களும் மணிக்கட்டையும் சில விரல்களையும் குறைந்தது 10 பாகையாவது நிமிர்த்தக் கூடியவர்கள்தான். மேசை விளிம்பில் கையைத் தொங்கவிட்டு, "மேலே தூக்குங்கோ அப்பா" என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் எழும்பினாலே நல்ல அறிகுறி. அதற்காக வீட்டில் நீங்களாக அவருடைய வலது கையைக் கட்டிவிடாதீர்கள். தடியைப் பிடிப்பது அந்தக் கைதான், விழுந்துவிடுவார்.

சரி, பந்துக்கு வருவோம். பாரிசவாதக் கைக்குப் பெரும்பாலும் விரல் மடங்குவதில் சிக்கல் இல்லை, விரிப்பதுதான் பாடு. பந்து மடக்க மட்டுமே கேட்கிறது. வலை பொத்தும்போது இடது கை கண்ணியைப் பிடிக்க வேண்டும், இழுத்து விறைப்பாக வைத்திருக்க வேண்டும், முடிச்சு விழுந்ததும் விட வேண்டும், அடுத்த கண்ணிக்கு நகர வேண்டும். வலது கையில் ஊசி. இரண்டு கையும் சேராமல் அந்த வேலை நடக்காது. தொழில்வழிச் சிகிச்சை ஆய்வாளர்களான கத்தரின் ட்ரொம்ப்ளியும் சிங்-யி வூவும் 1999-இல் காட்டியது இதற்குப் பொருந்தும்: பாரிசவாதம் வந்தவர்கள் வெறுமனே கையை நீட்டும்போது இருப்பதைவிட, உண்மையான பொருளை எடுக்க நீட்டும்போது அசைவு சீராக இருந்தது. வருடக்கணக்காக வலை பிடித்த மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சியை நானும் சொல்லமாட்டேன். முதலில் பெரிய கண் வலையாகக் கொடுங்கள். கால் மணி நேரம், கொஞ்சம் ஓய்வு, பிறகு திரும்பவும். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் வெயில் ஏற முன் செய்துவிட வேண்டும்.

வெங்காயத்துக்குக் கத்தி வேண்டாம், சின்ன வெங்காயத்தின் தோலைக் கையால் உரிக்கட்டும். இடது கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது, ஆகவே அடுப்படிப் பக்கம் விடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, வீடும் வளவும். எங்கள் பக்கத்தில் பலர் ஆஸ்பத்திரியில் தேறி வந்து கிணற்றடியில் விழுகிறார்கள். வீட்டிலுள்ள இடையூறுகளைச் சரிசெய்தால் முதியோர் விழுவது 26 சதவீதம் குறைகிறது, விழும் அபாயம் கூடியவர்களில் 38 சதவீதம் குறைகிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஆராயும் கொக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. மாரி வருமுன் கிணற்றடிப் பாசியைச் சுரண்டுங்கள். குளிக்கக் கதிரை போடுவதென்றால் சீமெந்துத் தரையில் போடுங்கள்; மணலில் பிளாஸ்டிக் கதிரையின் கால் ஒரு பக்கம் புதைந்து சாய்த்துவிடும். கக்கூசில் வலது கைக்கு எட்டும் பக்கம் சுவரில் ஒரு இரும்புக் குழாயை இறுக்குங்கள். குந்த முடியாவிட்டால் கொமட் கதிரை. இரவில் அந்த வழிக்கு ஒரு பல்ப்.

அம்மாவுக்கு ஒரு வேலை இருக்கிறது, பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பது. சேர்ட் போடும்போது இடது கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது வலது கை முதலில் வர வேண்டும். பத்து நிமிடம் எடுத்தாலும் அப்பாவே போடட்டும், பொத்தானுக்கு மட்டும் அம்மா உதவலாம். உடுப்பது, குளிப்பது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளைக் குறிவைத்த தொழில்வழிச் சிகிச்சை பற்றிய ஒன்பது ஆய்வுகளை, 994 பேரின் விபரங்களோடு, 2017-இல் கொக்ரேன் தொகுத்தது. சான்று இன்னும் வலுவாக வேண்டியிருக்கிறது என்றாலும், அப்படிப் பழகியவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே கூடுதலாகச் செய்தார்கள், நிலைமை பின்னடைவதும் குறைந்தது.

எழுப்பும்போது யாரும் இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். பிரசர் குளிசையை நிறுத்தக் கூடாது. திடீரென வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அடியுங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு அம்மாவையும் கூட்டிப் போங்கள். கிணற்றடியையும் கக்கூசையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால், குழாயை எந்த உயரத்தில் இறுக்குவது என்று ஓ.ரி. மிஸ் பார்த்துச் சொல்வார்.