பச்சைப் பூசணம் ஏன் வருகிறது? – காளான் கேள்வி பதில்

சிப்பிக் காளானுக்கு 40 பை போட்டேன். எட்டாம் நாளே பாதிப் பைகளில் பச்சைப் பூசணம். வித்து கெட்டதா, வைக்கோல் கெட்டதா? (வாசகி, பல்லடம்)

பச்சை எந்த இடத்தில் தொடங்கியது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

காளான் இழை பரவவிட்டு விதையாகப் போடும் வித்துத் தானியத்தின் மீது மூன்று நான்கு நாளிலேயே பச்சை பிடித்தால், வித்திலோ அதைத் தொட்ட கையிலோ குறை இருக்கிறது. வித்துப் புட்டி முழுக்க ஒரே சீரான வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் நீர் கட்டியிருந்தாலும், இழை தோல் போலத் தடித்திருந்தாலும், புளித்த வாடை வந்தாலும் வாங்காதீர்கள். தயாரித்து 15 முதல் 18 நாள் ஆன படுக்கை வித்து (பையில் நேரே போடும் வித்து) நல்லது.

வைக்கோல் நடுவே திட்டுத் திட்டாக வந்தால் வேக்காடு போதவில்லை. 3 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலைத் தண்ணீரில் 4–5 மணி நேரம் ஊறவைத்து, பிறகு 80 டிகிரி வெந்நீரில் முழு ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அடுப்பு பற்றவைத்த நேரத்திலிருந்து அந்த ஒரு மணியை எண்ணக் கூடாது, நீர் 80 டிகிரியை எட்டிய பிறகே எண்ண வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். கோணியில் இறுக்கி அடைத்த வைக்கோலின் நடுப்பகுதிக்குச் சூடு மெதுவாகத்தான் போய்ச் சேரும். ஆகவே தளர்வாக அடையுங்கள். நல்லதுக்குத்தானே என்று மூன்று மணி நேரம் வேகவைப்பதும் ஆகாது. வைக்கோல் குழைந்து அதிலுள்ள சர்க்கரை வெளியே கசியும், அது பச்சைப் பூசணத்துக்கு விருந்து. மழையில் நனைந்து கறுத்த வைக்கோலை எத்தனை நேரம் வேகவைத்தாலும் பலன் இல்லை. அந்த ஆண்டு அறுத்த, பொன்னிறம் மாறாத வைக்கோலையே எடுங்கள்.

பையின் அடியில் பச்சை என்றால் ஈரம் மிகுதி. ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்து முழு பலத்தோடு பிழியுங்கள். தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். அதுதான் சுமார் 65 சதவீத ஈரம். உலர்த்தும் இடமும் முக்கியம். வெந்த வைக்கோலை மண் தரையில் பரப்பி, மேலே மின்விசிறி ஓடவிட்டால், வேகவைத்த வேலை அத்தனையும் வீண். துடைத்து டெட்டால் தெளித்த தார்ப்பாயில், நிழலில் பரப்புங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஓரத்துப் பைகள் மட்டும் கெட்டால், அங்கே வெயில் அடிக்கிறதா என்று பாருங்கள். காளான் இழை வளரும்போது சூட்டை வெளிவிடும். அறையில் 30 டிகிரி என்றால் பைக்குள் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்தச் சூட்டில் சிப்பிக் காளான் இழை சோர்ந்துபோகும், பச்சைப் பூசணம் சோராது. வித்துப் பரவும் அறையில் 23–25 டிகிரி இருப்பது நல்லது. பைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காதீர்கள்.

இப்போது கெட்டிருக்கும் பைகளை அறைக்குள் பிரிக்க வேண்டாம். அசைத்தாலே கோடிக்கணக்கில் பூசணத்தின் வித்துத்தூள் பறக்கும். பெரிய பாலித்தீன் பையால் மூடி வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். தப்பிய பைகளைத் தொடுவதற்கு முன் கை கழுவுங்கள். அடுத்த முறை பை போடும்போது, 60×30 செ.மீ. பையில் 5 செ.மீ. உயரத்துக்கு வைக்கோலை அழுத்திப் பரப்பி, ஓரத்தை ஒட்டி ஒரு பிடி வித்து என்று நான்கைந்து அடுக்கு போடுங்கள். வித்தில் சிக்கனம் பார்த்தால் இழை பரவ நாளாகும், அந்தத் தாமதத்தில் பூசணம் முந்திக்கொள்ளும்.

காளான் வருகிறது. ஆனால் தண்டு நீண்டு, குடை பொத்தான் அளவிலேயே நிற்கிறது. (வாசகர், ஓமலூர்)

காற்று போதவில்லை. காளானும் நம்மைப் போலக் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அறையில் அது தேங்கினால் குடை விரியாமல் தண்டு மட்டும் நீளும். ஈரம் போய்விடும் என்று பயந்து கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாக்கால் அடைத்திருப்பீர்கள். காலையும் மாலையும் அரை மணி நேரமாவது திறந்துவிடுங்கள், திறந்து மூடியதும் சுவரிலும் தரை மணலிலும் தண்ணீர் தெளித்து 85 சதவீத ஈரத்தை மீட்டுக்கொள்ளலாம். வெளிச்சமும் கொஞ்சம் வேண்டும். அறைக்குள் செய்தித்தாள் படிக்க முடிந்தால் போதும்.

சித்திரை, வைகாசியில் சிப்பிக் காளான் வருவதே இல்லை. அந்த மாதங்களில் பால் காளான் போடலாமா? (வாசகர், விருதுநகர்)

தாராளமாகப் போடலாம். அதற்கு வேர் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. பால் காளானை 1974-இல் மேற்கு வங்கத்தில் புர்காயஸ்தா, சந்திரா என்ற இரு ஆய்வாளர்கள் முதலில் விவரித்தார்கள். அதை வணிகப் பயிராக்கிய பெருமை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு உரியது. 1998-இல் வெளிவந்த ஏபிகே 2 என்ற பால் காளான் ரகத்தின் பெயரில் இருப்பது உங்கள் அருப்புக்கோட்டை. 30–35 டிகிரி வெப்பத்திலும் விளையும் காளான் என்பதால், மலைப் பகுதியையும் குளிரூட்டியையும் நம்பாமல் சமவெளியில் வளர்க்க முடிகிறது.

பை போடும் வரை வேலை சிப்பிக் காளானைப் போன்றதுதான். இழை முழுக்கப் பரவ 15–20 நாள் ஆகும். அதன் பிறகு ஒரு பெரிய வேறுபாடு உண்டு: மேலே மண் மூடாமல் பால் காளான் மொட்டு விடாது. பையை நடுவில் குறுக்காக இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தின் மீது 1–2 செ.மீ. கனத்துக்கு மண் பரப்ப வேண்டும். சலித்த தோட்ட மண்ணில் நூற்றுக்கு 2 பங்கு சுண்ணக்கட்டித் தூள் கலந்து, ஈரமாக்கி, ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து, நன்றாக ஆறிய பிறகே பயன்படுத்துங்கள். தூளை விட்டுவிட்டால் மண் புளித்துப் பச்சைப் பூசணம் ஏறும்.

மண் மூடிய 8–10 நாளில் மொட்டு எட்டிப் பார்க்கும், அதிலிருந்து 6–8 நாளில் அறுவடை. இடையில் தண்ணீரைப் பனி போலத் தெளியுங்கள். குழாயை நேரே பிடித்தால் மேல்மண் இறுகி, மொட்டுகள் மூச்சு முட்டிப் பழுத்துச் சாகும். முதல் அறுவடை முடிந்ததும் மேல்மண்ணை லேசாகக் கிளறி அமர்த்திவிட்டால் அடுத்த வரவு சீராக வரும். மேலே நீலநிற சில்பாலின் தார்ப்பாய் விரித்த, தரைமட்டத்துக்குக் கீழே பள்ளம் தோண்டி அமைத்த குடில் இதற்கு ஏற்றது. பால் காளானுக்கு வெளிச்சம் கூடுதலாகவே வேண்டும்.

விற்பனையிலும் ஒரு நன்மை உண்டு. சிப்பிக் காளானைப் பறித்த மறுநாளே வாட்டம் தெரியும். பால் காளான் மூன்று நான்கு நாள் தாங்கும்.

அறுவடைக்குப் போனால் எனக்குத் தொடர்ந்து இருமல். காளானுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? (வாசகி, சோழவந்தான்)

உண்டு. சிப்பிக் காளான் முதிர்ந்தால் அதன் வித்துத்தூள் புகை போலப் பறக்கும். நாள்தோறும் அதை மூச்சில் இழுப்பவர்களுக்கு ஒவ்வாமை, இருமல், காய்ச்சல் வரலாம் என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்துவிடுங்கள். ஓரம் மேலே மடங்கினால் காலம் கடந்துவிட்டது. காலையில் முதலில் ஜன்னலைத் திறந்து, கால் மணி நேரம் கழித்து, என்95 முகக்கவசத்தோடு உள்ளே போங்கள். இருமல் தொடர்ந்தால் நுரையீரல் மருத்துவரிடம் தொழிலைச் சொல்லிக் காட்டுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணச் சளி என்றே சிகிச்சை நடக்கும்.

காளானை வெயிலில் வைத்தால் வைட்டமின் டி கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? இறைச்சிக்கு ஈடான புரதம் இருக்கிறது என்பதும் சரியா? (வாசகி, கும்பகோணம்)

முதலாவது உண்மை. காளானில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. வெயிலின் புறஊதா ‘பி’ கதிர் பட்டதும் அது வைட்டமின் டி2 ஆக மாறுகிறது. இருட்டறையில் வளர்ந்த காளானில் இந்த வைட்டமின் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். மெல்லிய துண்டுகளாக நறுக்கி, குடையின் அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செதில் பக்கம் மேலே தெரிய, பகல் 11 முதல் 2 மணிக்குள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் திறந்த வெயிலில் வையுங்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால் பயன் இல்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். இப்படி வைத்த 100 கிராம் மொட்டுக் காளானில் 10 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் கிடைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை 15 மைக்ரோகிராம். வதக்கினாலும் பெரும்பகுதி தங்கும். அன்றே சமைத்துவிடுங்கள். இரத்தப் பரிசோதனையில் கடும் குறைபாடு தெரிந்தவர்கள் இதை மட்டும் நம்பாமல் மருந்தும் எடுக்க வேண்டும்.

புரதம் பற்றிய பேச்சு உலர்ந்த எடைக் கணக்கால் வந்தது. காளானில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். பச்சைச் சிப்பிக் காளான் 100 கிராமில் புரதம் 3 கிராம் அளவுதான், ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. காளானைச் சாப்பிட வேறு நல்ல காரணங்கள் உண்டு: 100 கிராமில் 35 கலோரிக்கும் குறைவு, பொட்டாசியமும் நியாசினும் நார்ச்சத்தும் உண்டு. நம் உடம்பு தானே செய்துகொள்ள முடியாத எர்கோதையோனின் என்ற ஆக்சிகரண எதிர்ப்பொருளும் கிடைக்கிறது. அது வேகவைத்தாலும் அழிவதில்லை.

அப்பா கொலஸ்ட்ரால் மாத்திரை எடுக்கிறார். தினமும் காளான் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா? புற்றுநோயையும் குணமாக்கும் என்று படித்தேன். (வாசகர், நாமக்கல்)

நிறுத்தவே கூடாது. சிப்பிக் காளானில் லோவாஸ்டாட்டின் இருப்பது ஆய்வில் கண்டறியப்பட்டது உண்மை. 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கொலஸ்ட்ரால் மருந்தும் அதே பொருள்தான். ஆனால் காளானில் அதன் அளவு ரகத்துக்கு ரகம், வளர்த்த வைக்கோலுக்கு வைக்கோல் மாறும். மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்ற உறுதி இருக்கிறது, குழம்பில் அது இல்லை. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை, சில வாரங்களே நீடித்தவை. மாத்திரையோடு காளானும் சாப்பிடட்டும், எண்ணெயில் பொரிக்காமல்.

புற்றுநோய்ச் செய்திக்கு மூலம் ஜப்பான். ஷிடாகே காளானிலிருந்து பிரித்தெடுத்த லென்டினான் என்ற பீட்டா குளுக்கன் (ஒரு வகை மாவுப்பொருள்) அங்கே 1985-இல் இரைப்பைப் புற்றுநோய்க்குத் துணை மருந்தாக அனுமதிக்கப்பட்டது. தூய்மைப்படுத்தி ஊசியில் ஏற்றிய பொருள் அது, அதையும் கீமோ மருந்தோடு சேர்த்தே கொடுத்தார்கள். பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கும் காளான் சரக்குக்கு அந்த ஆய்வைச் சான்றாகக் காட்டுவது நோயாளியை ஏமாற்றும் வேலை.

மழைக்குப் பிறகு முளைக்கும் காளானை மஞ்சள் போட்டு வேகவைத்து, நிறம் மாறாவிட்டால் சாப்பிடலாம் என்கிறார்கள். சரியா? (வாசகர், தென்காசி)

இல்லை. மஞ்சள், வெள்ளிக் காசு, பூண்டு, பூச்சி கடித்த தடம் எதுவுமே நஞ்சைக் காட்டாது. உயிரைக் குடிக்கும் அமானிட்டா வகைகளின் நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. புற்றுக் காளானைப் பரம்பரையாகப் பறிப்பவர்கள் அதன் அடித்தண்டு வேர் போல நீண்டு கறையான் புற்றுக்குள் இறங்குவதைத் தோண்டிப் பார்த்தே எடுக்கிறார்கள். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் புல்வெளியில் கண்ட வெள்ளைக் குடையைத் தொடவே வேண்டாம். பச்சைச் செதில் கொண்ட நச்சுக் குடை ஒன்று வெப்ப நாடுகளின் புல்வெளிகளில் பரவலாக முளைக்கிறது. இளம் பருவத்தில் அதன் செதிலும் வெள்ளைதான்.

யாராவது சாப்பிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால், மீதியிருக்கும் காளானையோ சமைத்த துண்டையோ காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சாப்பிட்டு 6 மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கினால் ஆபத்து அதிகம். மறுநாள் வாந்தி நின்று தெளிந்தது போலத் தோன்றினாலும் வீடு திரும்பக் கூடாது. கல்லீரல் பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.