திரும்பி வந்தவனை நம்பலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், பிரிந்துபோன காதலர்கள் பல வருஷம் கழித்து ஒரு சின்ன ஊரில் மறுபடி சந்திக்க, பழைய குற்றம் ஒன்றும் கூடவே கிளம்பி வரும் நாவல்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த மாதம் முழுக்க அதுதான்.

கே: பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போனவன், அப்பாவின் கருமாதிக்காகத் திரும்பி வருகிறான். அவன் காதலித்தவள் அதே ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அவன் போன அதே வாரத்தில்தான் அவளுடைய அண்ணன் ஆற்றில் பிணமாக மிதந்தான். இப்படி ஒரு நாவலை 140 பக்கம் எழுதிவிட்டேன். படித்த தோழி, "காதல் ஒரு பக்கம் போகுது, கொலை ஒரு பக்கம் போகுது" என்கிறாள். எங்கே தப்பு செய்தேன்? – வாசகி, பட்டர்வொர்த்

ப: நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் பெர்ரியில் உட்கார்ந்து படித்தேன், கரை வந்தும் எழுந்திருக்க மனமில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அவன் ஊருக்கு வந்த சேதியை ஒரு பாட்டி கடையில் வந்து சொல்ல, மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எண்ணிக்கொண்டே போய், பதினேழில் தடுமாறி, எல்லாவற்றையும் தட்டில் கொட்டி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாளே, அந்த இடம் அருமை. "அவள் இதயம் படபடத்தது" என்று நீங்கள் எழுதவில்லை பாருங்கள், அதற்காகவே இந்த நாவலை நீங்கள் முடித்தாக வேண்டும்.

ஆனால் உங்கள் தோழி சொல்வதும் சரிதான். கதைச் சுருக்கத்தைப் பார்த்தால், அவன் ஊரைவிட்டுப் போனது அப்பாவின் கடனுக்குப் பயந்து. அண்ணன் செத்தது கடத்தல்காரர்களால். இது ரெண்டு முடிச்சு. ஒன்றை அவிழ்த்தால் இன்னொன்று அப்படியே கிடக்கும். இந்த மாதிரிக் கதைக்கு ஒரே முடிச்சுதான் இருக்க முடியும். "ஏன் என்னை விட்டுப் போனாய்?" என்று அவள் கேட்கும் கேள்விக்கும் "அண்ணனைக் கொன்றது யார்?" என்று ஊர் கேட்க வேண்டிய கேள்விக்கும் பதில் ஒரே ராத்திரிக்குள் இருக்க வேண்டும். அந்த ராத்திரி அவன் ஆற்றங்கரையில் எதையோ பார்த்தான், அதைச் சொன்னால் அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே சொந்தமும் போய்விடும், அதனால்தான் போனான் என்று மாற்றிப் பாருங்கள். உடனே எல்லாம் இறுகிவிடும். அவளைக் காப்பாற்ற அவன் ஒன்றை மறைக்க மறைக்க, அவளுக்கு அவன்மேலேயே சந்தேகம் வளரும். வாசகருக்கும்தான். பக்கத்தில் வரும்போதெல்லாம் பயமும் ஆசையும் சேர்ந்தே வரும்.

இதற்கு ஆங்கில நாவல்களைத்தான் பாடமாக வைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். நம் வீட்டிலேயே நளன் கதை இருக்கிறது, புகழேந்தியின் நளவெண்பாவை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். காட்டில் ஒரே துணியை இருவரும் உடுத்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள். தமயந்தி தூங்கும்போது அந்தத் துணியை நடுவே அறுத்துவிட்டு நளன் எழுந்து போகிறான். கண் விழித்தவளுக்கு முதலில் தெரிவது அவன் இல்லை என்பதா, பாதிப் புடவையா? அந்த அறுந்த ஓரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அப்புறம் பாருங்கள். கார்க்கோடகன் என்ற பாம்பு தீண்டி உருவமே மாறி, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி ராஜாவிடம் தேரோட்டியாக, சமையல்காரனாக இருக்கிறான் நளன். தமயந்தி அழுதுகொண்டு காத்திருக்கவில்லை. ஆள் அனுப்பி, "தூங்குகிற மனைவியை நடுக்காட்டில் விட்டுப் போவது முறையா" என்று ஊர் ஊராகக் கேட்கச் சொல்கிறாள், எவன் பதில் சொல்கிறான் என்று பார்க்க. மறுநாளே தனக்கு ரெண்டாம் சுயம்வரம் என்று அந்த ராஜாவுக்குச் சொல்லியனுப்புகிறாள், ஏனென்றால் ஒரே நாளில் அவ்வளவு தூரம் குதிரையை விரட்டத் தெரிந்தவன் நளன் ஒருத்தன்தான். வந்து சேர்ந்த பிறகும் ஓடிப்போய்க் காலில் விழவில்லை. பிள்ளைகளை அனுப்பி அவன் முகம் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்கிறாள், அவன் சமைத்ததை வரவழைத்து ருசி பார்க்கிறாள். துப்பறிகிறவளும் அவள்தான், காதலிக்கிறவளும் அவள்தான். உங்கள் மருந்துக்கடைக்காரி இதுவரை மற்றவர்கள் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடையில் பழைய கணக்குப் புத்தகங்கள் இருக்குமே, அண்ணன் செத்த வாரத்தில் காயத்துக்கு மருந்து வாங்கியவர் யார் என்று அவளே புரட்டட்டும்.

அந்தப் பாதிப் புடவை மாதிரி உங்கள் கதையிலும் ஒரு பொருள் வேண்டும். ரெண்டு பேரிடமும் பாதி பாதி இருக்கிற பொருள். என்ன என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்களுக்குத்தான் தெரியும்.

கே: ஊரைக் கற்பனையாக வைப்பதா, உண்மையான ஊரையே எழுதுவதா? கோலாலம்பூரிலேயே வளர்ந்தவன் நான். சின்ன ஊர் என்றால் பாட்டி வீடு மட்டும்தான் தெரியும். – வாசகர், செந்தூல்

ப: பெயரைக் கற்பனையாக வையுங்கள், மண்ணை உண்மையாக வையுங்கள். குற்றம் வரும் கதை, உண்மையான ஊர்ப் பெயரைப் போட்டால் அங்கே இருக்கிற ஒரு கடைக்காரரோ ஒரு போலீஸ்காரரோ தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று மனம் நோவார். அது நமக்கு வேண்டாம்.

மண்ணுக்கு வருவோம். தைப்பிங்கிலிருந்து அரை மணி நேரத்துக்குள் கோலா செபெத்தாங் போய்விடலாம். அதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது. தண்டவாளத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள், ஸ்டேஷனின் பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கிறது, அதில் தமிழிலும் ஊர்ப் பெயர் இருக்கிறது. ரயில் வராத ஸ்டேஷன் பலகைக்குக் கீழே பன்னிரண்டு வருஷம் கழித்து ரெண்டு பேர் எதிரும் புதிருமாக நிற்பதை யோசித்துப் பாருங்கள், வசனமே வேண்டாம்.

அங்கே கரிச்சூளைகளும் உண்டு. கடலோரச் சதுப்பில் வளரும் பாக்காவ் மரத்தைப் பட்டை உரித்து, கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கிற செங்கல் சூளைக்குள் நெட்டுக்குத்தாக அடுக்கி, வாசலில் மட்டும் தீ வைப்பார்கள். உள்ளே இருக்கிற மரம் எரியக் கூடாது, வெந்து கரியாக வேண்டும். முழுசாக முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அனுபவப்பட்டவர் வெளியே வருகிற புகையை முகர்ந்தே உள்ளே எந்தப் பதம் என்று சொல்லிவிடுவார், அதை வைத்துத்தான் வாசலை மூடுவார்கள். மூடிய சூளையை அவசரப்பட்டுத் திறக்க யாரும் துணிய மாட்டார்கள். சஸ்பென்ஸ் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா? ஒரு நாள் போய் நின்றுவிட்டு வாருங்கள், புகை வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும்.

சின்ன ஊர் என்றால் அமைதியான ஊர் என்று மட்டும் எழுதாதீர்கள். நேற்று யார் வீட்டு வாசலில் எந்தக் கார் நின்றது என்று காலை ஏழு மணிக்கு ஒட்டுக்கடையில் தெரிந்துவிடும். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த ஊரில் ஒரு கொலை மட்டும் எப்படிப் பன்னிரண்டு வருஷம் மறைந்திருந்தது? மறைக்கப் பல பேர் சம்மதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தே தாரேக் ஆற்றிக் கொடுத்தவர், கோயில் கணக்குப் பார்த்தவர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்தே வாயை மூடியிருப்பார்கள். வில்லனைவிட அவர்களை நன்றாக எழுதுங்கள்.

கே: கைபேசி, வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் பிரிவுக்கு என்ன காரணம் எழுத முடியும்? – வாசகி, கிள்ளான்

ப: தெரியாமல் போனது என்று எழுத முடியாது, அவ்வளவுதான். தெரிந்தும் கூப்பிடவில்லை என்றுதான் எழுத வேண்டும். அதுதான் இன்னும் வலிக்கும். ஒரு நிமிஷம் போன் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் சண்டையை முந்நூறு பக்கம் இழுத்தால் வாசகருக்குக் கோபம் வரும், நியாயமான கோபம்.

கே: காணாமல் போன கணவன் திரும்பி வரும்போது மனைவி வேறு ஒருவரைக் கட்டியிருக்கலாமா? நம் நாட்டுச் சட்டப்படி கதை சரியாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறேன். – வாசகர், பாரிட் புந்தார்

ப: இப்படிக் கேட்பவர்கள் குறைவு, சந்தோஷமாக இருக்கிறது. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டப்படி, ஒருவரைப் பற்றி அவருக்கு நெருங்கியவர்களே 7 வருஷமாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 1982-இல். அதன்படி, கணவர் இறந்துவிட்டதாகக் கருதித் திருமணத்தை ரத்து செய்யும்படி மனைவி கோர்ட்டில் கேட்கலாம். இறுதித் தீர்ப்பு வந்துவிட்டால் அவள் சுதந்திரமானவள். அப்புறம் அவன் வாசலில் வந்து நின்றாலும் சட்டப்படி அவன் அவளுடைய கணவன் இல்லை. இதை வைத்தே ஒரு முழு அத்தியாயம் எழுதலாம். அவள் அவனை அழுது முடித்து, சாவுக்குச் செய்ய வேண்டியதையும் செய்து முடித்திருப்பாள். இப்போது அவனை என்ன முறை வைத்துக் கூப்பிடுவாள்?

இன்னும் ரெண்டு விஷயம். நம் நாட்டுக் கோர்ட்டில் ஜூரி கிடையாது, 1995-லேயே எடுத்துவிட்டார்கள். அதனால் "ஜூரிகள் தலை குனிந்தார்கள்" என்று இங்கே நடக்கும் கதையில் எழுதாதீர்கள். பிடித்த ஆளை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும், கொலை வழக்கில் முதல் தடவை அதிகபட்சம் 7 நாள் ரிமாண்ட், அப்புறம் இன்னொரு 7 நாள். அந்தப் பதினான்கு நாளைக் கதைக்குக் கெடுவாக வைத்துப் பாருங்கள். உள்ளே அவன், வெளியே அவள், நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கே: இந்த மாதிரி நாவல்களில் கடைசியில் அவர்கள் சேர்ந்தே ஆக வேண்டுமா? போன வாரம் படித்த ஒன்றில், அவன் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டதும் அவள் ஏற்றுக்கொண்டாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் சொந்த வாழ்க்கையும் காரணமாக இருக்கலாம். – பெயர் வேண்டாம், ஈப்போ

ப: அக்கா, உங்கள் கோபம் அந்தப் புத்தகத்துக்குச் சேர வேண்டியதுதான். சொந்த வாழ்க்கையைக் காரணம் சொல்லித் தள்ளிவிடாதீர்கள்.

சேர வேண்டும், ஆமாம். இந்த வகை நாவலைக் கையில் எடுக்கும்போதே வாசகருக்கு எழுத்தாளர் கொடுத்த வாக்கு அது. ஆனால் எப்படிச் சேர்கிறார்கள் என்பதற்குத்தான் விலை. குண்டடி பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்ததும் மன்னித்தாள் என்று எழுதுகிறார்கள். உயிரைக் கொடுப்பது கஷ்டமே இல்லை, ஒரு நொடி வேலை. தினமும் சொன்ன நேரத்துக்கு வருவதுதான் விட்டுப் போனவனுக்குக் கஷ்டம். கொலைகாரன் பிடிபட்ட பிறகு இன்னும் நாற்பது பக்கமாவது இருக்க வேண்டும் என்பேன். அதில் அவன் அந்த ஊரிலேயே ஒரு வேலை தேடிக்கொள்ள வேண்டும். அவள் அம்மாவின் வசவை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் வர நேரமாகும் என்றால் போன் பண்ணிச் சொல்ல வேண்டும், அந்த ஒரு போனுக்கு அவள் அடுப்படியில் நின்று அழ வேண்டும். அவள் "சரி, சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்கிற நாள் வந்தால் போதும், கல்யாணக் காட்சிகூடத் தேவையில்லை.

மூடி வைத்த புத்தகத்தைத் திறக்க வேண்டாம் அக்கா. பட்டர்வொர்த் வாசகி எழுதி முடிக்கட்டும், முதல் பிரதியை உங்களுக்குத்தான் அனுப்பச் சொல்லப்போகிறேன்.